அத்தியாயம் 6: நீல நம்பர் பிளேட்டை நிறுத்தும்போது

சென்னையில் அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றுகூட இல்லை. ஜெமினி மேம்பாலத்தின் அருகில் அமெரிக்கா, சாந்தோமில் ரஷ்யா, நுங்கம்பாக்கத்தில் பிரிட்டன், இலங்கை என்று நாம் அன்றாடம் கடந்துபோகும் அலுவலகங்கள் எல்லாம் துணைத் தூதரகங்கள் அல்லது துணை உயர் ஆணையரகங்கள். தூதரகங்கள் டெல்லியில் இருக்கின்றன. விசா வரிசையில் நிற்பவருக்கு இந்த வேறுபாட்டால் எதுவும் மாறிவிடாது. இரவு ரோந்தில் இருக்கும் எஸ்.ஐ.க்கும், மறுநாள் காலையில் ரிமாண்ட் மனுவைப் பார்க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் முடிவே இதைப் பொறுத்துத்தான்.

டெல்லித் தூதரகத்தின் தூதர் முதல் செயலாளர் வரையிலான அதிகாரிகளுக்கு 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா இதில் 1965இல் சேர்ந்தது. 1972இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இதன் முக்கியமான பிரிவுகளை நம் நாட்டுச் சட்டமாகவே ஆக்கியது. துணைத் தூதரகங்களுக்குப் பொருந்துவது 1963ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா ஒப்பந்தம். இந்தியா அதில் சேர்ந்தது 1977இல். முதலாவது தரும் பாதுகாப்பு ஏறத்தாழ முழுமையானது. இரண்டாவது தருவது அலுவல் அளவோடு நின்றுவிடும் பாதுகாப்பு. சென்னைப் போலீஸ் நடைமுறையில் அதிகம் சந்திப்பது இந்த இரண்டாவது வகையை. ஆனாலும் பல ஸ்டேஷன்களில் நீல நம்பர் பிளேட்டைக் கண்டதுமே, முதலாவது வகையின் முழுப் பாதுகாப்பும் இருப்பதாக எண்ணிக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். இதனால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் சாலையைக் கடந்த பாதசாரி, வீட்டு வேலைக்கு வந்த பெண், வாடகை வராத வீட்டுக்காரர். இந்த அத்தியாயம் அவர்களை நினைவில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் பிளேட்டைப் பார்ப்போம். நீலப் பலகை, வெள்ளை எழுத்து. நாட்டின் குறியீட்டு எண்ணுக்குப் பின் 'சி.டி.' என்று இருந்தால் தூதரக வண்டி, 'சி.சி.' என்றால் துணைத் தூதரக வண்டி, 'யு.என்.' என்றால் ஐக்கிய நாடுகள் அமைப்பு, அதற்கு 1947ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. பிளேட் வண்டியைப் பற்றி மட்டுமே சொல்லும். உள்ளே அமர்ந்திருப்பவர் கான்சல் ஜெனரலாக இருக்கலாம், அவருடைய மகனாக இருக்கலாம், ஆவடியிலிருந்து வேலைக்கு வரும் டிரைவராகவும் இருக்கலாம். மூவருக்கும் சட்டம் வேறு வேறு. பாஸ்போர்ட்டும் அப்படித்தான். கையில் டிப்ளமேடிக் பாஸ்போர்ட் வைத்திருப்பதால் மட்டும் யாருக்கும் இந்தியாவில் விலக்குரிமை வந்துவிடாது. இந்திய அரசு அவரை இங்கே பணியாற்ற ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். வேறொரு நாட்டில் பணியில் இருப்பவர் தன் பணியிடத்துக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இந்தியாவைக் கடந்தால் அந்தப் பயணத்துக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. கொழும்பில் பாகிஸ்தான் உயர் ஆணையரகத்தில் விசா அதிகாரியாக இருந்த ஒருவர் மீது என்.ஐ.ஏ. சென்னையில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடிந்தது இதனால்தான். அவருடைய பதவி இலங்கையோடு முடிந்தது. இந்திய நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது.

நம்ப வேண்டியது வெளியுறவு அமைச்சகத்தின் புரோட்டோகால் பிரிவு வழங்கிய அடையாள அட்டையை. அதை மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். பெயர், நாடு, பதவி, அட்டை எண், காலாவதி தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படமெடுத்துவிட்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பறிமுதல் செய்யக் கூடாது. கன்ட்ரோல் ரூமுக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்பதும் பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும். அங்கிருந்து தகவல் கமிஷனர் அலுவலகம் வழியாக மாநில அரசின் புரோட்டோகால் பிரிவுக்கும், சென்னையிலேயே இயங்கும் வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகத்துக்கும் போகும். அட்டை இல்லாமல் வாயால் மட்டும் உரிமை கோருகிறவரை அடையாளம் உறுதியாகும்வரை இருக்கச் சொல்லலாம். லாக்கப்பில் வைக்கக் கூடாது. துணை உயர் ஆணையரகம், வர்த்தக மையம், கலாசார மையம் என்ற பெயர்களைக் கொண்டு நீங்களாக ஒரு முடிவுக்கு வராதீர்கள். அந்த அலுவலரை இந்திய அரசு எந்தத் தகுதியில் ஏற்றிருக்கிறது என்பது அமைச்சகத்தின் ஏட்டில் இருக்கும். டெல்லித் தூதரகத்தைச் சேர்ந்தவர் சென்னைக்கு இரண்டு நாள் வந்திருந்தாலும் அவருடைய முழுப் பாதுகாப்பு அவரோடு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ஆளைப் பொறுத்து. டெல்லித் தூதரக அதிகாரியையும், அவரோடு ஒரே வீட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் அல்லாத குடும்பத்தினரையும் கைது செய்ய முடியாது. குற்ற வழக்கும் நடத்த முடியாது. தூதரகத்தின் நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் குற்ற வழக்கில் அதே பாதுகாப்புதான். உரிமையியல் வழக்கில் மட்டும் பணி தொடர்பான செயல்களோடு அது நின்றுவிடும். அவர்கள் தனிப்பட்ட முறையில் வைத்திருக்கும் வீட்டு வேலையாளுக்குச் சம்பளத்துக்கான வரிவிலக்கு தவிர உரிமையாக எதுவும் இல்லை.

துணைத் தூதரக அதிகாரியின் நிலை வேறு. அலுவல் முறையில் செய்த செயலுக்கு மட்டுமே அவர் நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்டவர். சனிக்கிழமை இரவு விருந்து முடிந்து காரோட்டி ஒருவரை மோதினால் அது அலுவல் ஆகாது; வழக்கு உண்டு, அவர் நீதிமன்றத்தில் ஆஜராகவும் வேண்டும். கைதுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு: குற்றம் கடுமையானதாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தின் உத்தரவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கைது. எது கடுமையான குற்றம் என்று ஒப்பந்தம் பட்டியல் போடவில்லை. ஆகவே வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரம் உங்களுக்கு வழக்கமாக இருக்கும் குற்றமாகவே இருந்தாலும், இவர் விஷயத்தில் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். கைதானதும் துணைத் தூதரகத்தின் தலைவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கைதானவர் தலைவரே என்றால் வெளியுறவு அமைச்சகம் வழியாக அவருடைய நாட்டுக்கு.

துணைத் தூதரகத்தின் எழுத்தர், டிரைவர் போன்ற ஊழியர்களுக்கு இந்தக் கைதுப் பாதுகாப்புகூட ஒப்பந்தத்தில் இல்லை. அதிகாரியின் மனைவி, மக்களுக்கும் இல்லை. சில நாடுகளோடு இந்தியா செய்துகொண்டிருக்கும் இருதரப்பு ஏற்பாடுகள் இதைவிடக் கூடுதலாகத் தரலாம். அதனால்தான் அமைச்சகத்தைக் கேட்காமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்கக் கூடாது என்கிறோம்.

பெங்களூரில் 2012இல் இது நேரடியாகவே வந்தது. பிரெஞ்சுத் துணைத் தூதரக அலுவலர் ஒருவர் மீது தன் குழந்தையிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகப் புகார். விலக்குரிமை உண்டா என்ற கேள்வியை போலீஸ் அமைச்சகத்துக்கு அனுப்பியது. இல்லை என்று தெரிந்த பிறகே கைது செய்தது. 2017இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. புகாரைப் பற்றிய தீர்ப்பு எதுவானாலும், அதைச் சொல்லும் இடம் நீதிமன்றம்தான் என்பது அங்கே காப்பாற்றப்பட்டது.

கௌரவத் துணைத் தூதர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் இவர்கள் எண்ணிக்கையில் அதிகம். பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலதிபர்கள், இந்தியக் குடிமக்கள். அலுவல் முறையில் செய்தவை தவிர மற்ற எதிலும் அவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்களே. அவருடைய கம்பெனியில் சோதனை போட வாரண்ட் இருந்தால் போடலாம்; துணைத் தூதரகக் கோப்புகளைத் தனியே பிரித்து வைத்திருந்தால் அந்தக் கோப்புகளை மட்டும் தொடக் கூடாது. வாசலில் தொங்கும் அயல்நாட்டுச் சின்னத்தைப் பார்த்து ஜி.எஸ்.டி. அதிகாரியோ போலீஸோ திரும்பிப் போனால் அந்தப் பதவிக்கே அது இழுக்கு.

குடித்துவிட்டு ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். கேள்விகள் மிகுதியாக வருவது இதில்தான். வண்டியை நிறுத்தலாம், விலக்குரிமை அதைத் தடுக்காது. ஊதச் சொல்லிக் கேட்கலாம். முழு விலக்குரிமை உள்ளவர் மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. 'மறுத்தார்' என்று எழுதி, வாடை, தடுமாற்றம், பேச்சு எப்படி இருந்தன என்பதையும் எழுதுங்கள். ஆனால் அந்த நிலையில் அவரை மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்க விடக் கூடாது. அலுவலகத்துக்குப் போன் செய்து வேறு டிரைவரை வரவழையுங்கள், இல்லையென்றால் டாக்சி பிடித்துக் கொடுங்கள். சாலையில் போகும் மற்றவர்களின் உயிரைக் காப்பதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை. டெஹ்ரான் அமெரிக்கத் தூதரக வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1980 மே 24 அன்று அளித்த தீர்ப்பில் இது தெளிவாகவே இருக்கிறது: தாக்குதல் போன்ற குற்றத்தைச் செய்துகொண்டிருக்கும்போதே பிடிபடும் தூதரக அதிகாரியை, அந்தக் குற்றம் நடக்காமல் தடுப்பதற்காகக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கலாம். தடுத்து முடித்ததும் விட்டுவிட வேண்டும். கைவிலங்கு, லாக்கப், போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவது எதுவும் கூடாது.

கட்டடங்களில் ஒரு நுட்பம் உண்டு. டெல்லித் தூதரகத்துக்குள் தலைவரின் சம்மதம் இல்லாமல் நுழைய வழியே இல்லை, தீப்பிடித்தாலும்கூட. அதிகாரிகளின் வீடுகளுக்கும் அதே பாதுகாப்பு. துணைத் தூதரகத்தில் தீ, பேரிடர் என்றால் சம்மதம் கிடைத்ததாகவே கொள்ளலாம், தீயணைப்பு வண்டி உள்ளே போகலாம். வேலைக்கென்றே பயன்படும் பகுதி மட்டும்தான் பாதுகாக்கப்பட்டது. போட் கிளப்பில் துணைத் தூதர் குடியிருக்கும் பங்களாவை ஒப்பந்தம் அதில் சேர்க்கவில்லை. நீதிமன்ற சம்மனை இந்த வாசல்களில் கொண்டுபோய் ஒட்டக் கூடாது. அது வெளியுறவு அமைச்சகம் வழியாகப் போக வேண்டும்.

பொதிகளில் என்ன செய்வது என்பதற்குத் திருவனந்தபுரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 2020 ஜூலையில் அங்குள்ள ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகத்தின் பெயருக்கு வந்த சரக்கின் மீது சுங்க அதிகாரிகளுக்குச் சந்தேகம் எழுந்தது. அவர்கள் அவசரப்பட்டு ஆணியைப் பிடுங்கவில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி பெற்று, துணைத் தூதரகப் பிரதிநிதியை வரவழைத்து, அவர் முன்னிலையில் திறந்தார்கள். குழாய், பூட்டு போன்ற வீட்டுச் சாமான்களுக்குள் சுமார் 30 கிலோ தங்கம். துணைத் தூதரகப் பையின் விதியும் இதையே சொல்கிறது: பலமான சந்தேகம் இருந்தால் பிரதிநிதி முன் திறக்கக் கேட்கலாம், அவர்கள் மறுத்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். டெல்லித் தூதரகப் பையைத் திறக்கவும் முடியாது, பிடித்துவைக்கவும் முடியாது. ஆனால் பை என்று சொல்லிக்கொள்ளும் எல்லாமே பை ஆகிவிடாது. வெளியே தெரியும்படி உரிய அடையாளம் இருக்க வேண்டும். 1984 ஜூலையில் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரியாவுக்குப் போகவிருந்த மரப்பெட்டிகளில் அந்த அடையாளமும் ஆவணமும் சரியாக இல்லாததால் சுங்கத்தினர் திறந்தார்கள். உள்ளே முன்னாள் நைஜீரிய அமைச்சர் உமாரு டிக்கோ மயக்க நிலையில் கிடந்தார், பக்கத்தில் அவரை உயிரோடு வைத்திருக்க ஒரு மயக்க மருந்து டாக்டர். விதியைத் தெரிந்துவைத்திருந்த அதிகாரி ஒருவரால் ஓர் உயிர் பிழைத்தது.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் நாங்கள் சொல்வது இது: விலக்குரிமை கைதையும் விசாரணை மன்றத்தையும் தடுக்கிறது, நடந்ததைப் பதிவுசெய்வதைத் தடுப்பதில்லை. எஃப்.ஐ.ஆர். போடுங்கள். மகஜர் எழுதுங்கள், சிசிடிவி காட்சியைக் கையகப்படுத்துங்கள், சாட்சிகளை விசாரியுங்கள், காயம்பட்டவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 'தூதரக ஆள் என்பதால் நடவடிக்கை இல்லை' என்று புகாரைத் திருப்பி அனுப்பும் அதிகாரி சட்டத்தைக் கடைப்பிடிக்கவில்லை, பாதிக்கப்பட்டவரைக் கைவிடுகிறார். 2015 செப்டம்பரில் குர்கானில் சவூதித் தூதரக முதல் செயலாளர் வசித்த வீட்டிலிருந்து, அங்கே கொடுமைக்கு ஆளானதாகப் புகார் கூறிய இரண்டு நேபாளப் பெண்களை போலீஸ் மீட்டது. வீட்டுக்குள் நுழைந்ததைத் தூதரகம் ஆட்சேபித்தது, குற்றச்சாட்டையும் மறுத்தது. சில நாள்களில் அந்த அதிகாரி விலக்குரிமையோடு நாட்டைவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் எஃப்.ஐ.ஆர்., மருத்துவ அறிக்கை, அந்தப் பெண்களின் வாக்குமூலம் ஆகியவை ஏட்டில் ஏறிவிட்டன. அவை இல்லாமல் எந்த அரசும் இன்னொரு அரசிடம் எதையும் கேட்க முடியாது.

கேட்டால் கிடைக்குமா என்பார்கள். கிடைத்திருக்கிறது. 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி குடித்துவிட்டுக் காரோட்டி 16 வயதுச் சிறுமியின் சாவுக்குக் காரணமானார். போலீஸ் சேர்த்து வைத்த ஆதாரங்களோடு அமெரிக்கா கேட்டது. ஜார்ஜியா விலக்குரிமையை விட்டுக்கொடுத்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 7 முதல் 21 ஆண்டு வரையிலான தண்டனை பெற்றார்.

இனி நீதிமன்றங்களுக்கு. விலக்குரிமைக் கேள்வி வழக்கின் வாசலிலேயே தீர்க்கப்பட வேண்டியது. எதிரி ஆஜராகி ஆட்சேபிக்கட்டும் என்று காத்திருந்தால், அவர் அனுபவிக்கக் கூடாத நடைமுறைக்கே அவரை இழுத்ததாகிவிடும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அமைச்சகச் செயலரின் அதிகாரத்தில் தரப்படும் சான்றிதழ் அதில் சொல்லப்பட்ட உண்மைக்கு முடிவான சாட்சியம். ஒருவர் எந்த நாளிலிருந்து எந்தப் பதவியில் ஏற்கப்பட்டார் என்பதைச் சான்றிதழ் சொல்லும். அந்தப் பதவிக்குச் சட்டம் எவ்வளவு பாதுகாப்பு தருகிறது, செய்த செயல் அலுவலா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். தேதி மிக முக்கியம். நியூயார்க்கில் இந்தியாவின் துணை கான்சல் ஜெனரலாக இருந்த தேவயானி கோப்ரகடே 2013 டிசம்பர் 12 அன்று கைதானபோது அவருக்கு இருந்தது துணைத் தூதரக அளவு பாதுகாப்பு. 2014 ஜனவரி 8 அன்று ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழு அதிகாரியாக ஏற்கப்பட்டு முழு விலக்குரிமை பெற்றார். மறுநாள் குற்றச்சாட்டு பதிவானது. அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே மார்ச் 12 அன்று நியூயார்க் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். இரண்டு நாளில் அரசுத் தரப்பு புதிதாகக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. அவரை ஆடை களைந்து சோதித்த விதம் இந்தியாவில் எழுப்பிய கொதிப்பு நியாயமானதே. நம் லாக்கப்பில் ஓர் அயல்நாட்டு அதிகாரி நிற்கும்போதும் அதே அளவுகோல்தான்.

விலக்குரிமையை விட்டுக்கொடுப்பது அதிகாரியின் கையில் இல்லை, அவருடைய நாட்டின் கையில் இருக்கிறது. அது வெளிப்படையாக இருக்க வேண்டும்; துணைத் தூதரக அதிகாரி என்றால் எழுத்திலும் இருக்க வேண்டும். உரிமையியல் தீர்ப்பை நிறைவேற்றத் தனியாக இன்னொரு சம்மதமும் வேண்டும். 2012 பிப்ரவரியில் 'என்ரிகா லெக்ஸி' கப்பலிலிருந்து சுடப்பட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். குற்றம் சாட்டப்பட்ட இத்தாலியக் கடற்படையினர் இருவரும் ஓட்டுப்போட ஊருக்குப் போக, இத்தாலியத் தூதர் டேனியல் மான்சினியின் உறுதிமொழியை ஏற்று 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மார்ச் 11 அன்று அவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றது இத்தாலி. தூதர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மார்ச் 22 அன்று இருவரும் திரும்பி வந்தார்கள். நீதிமன்றத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தூதரைத் தடுத்துவைக்க அந்த உறுதிமொழி போதுமானதாக இல்லை என்பதே எங்கள் கருத்து, ஏனென்றால் அதில் அவருடைய விலக்குரிமையை இத்தாலி விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் வரி ஏதுமில்லை. ஆகவே தூதரக அதிகாரி ஒருவரின் உறுதிமொழியை ஏற்பதற்கு முன், அவருடைய அரசின் எழுத்துபூர்வமான விட்டுக்கொடுப்பைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

சாட்சி சொல்லத் தூதரக அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. துணைத் தூதரக அதிகாரியை அழைக்கலாம், வர மறுத்தால் தண்டிக்க முடியாது. வீட்டிலோ அலுவலகத்திலோ எழுத்திலோ சாட்சியம் பெற வழி செய்தால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். அலுவல் சாராத விஷயத்தில் துணைத் தூதரக ஊழியர் மறுக்கவே கூடாது.

உரிமையியல் வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் சீக்கிரம் மனம்தளர்ந்துவிடுகிறார்கள். அதற்குத் தேவையில்லை. துணைத் தூதரக வண்டியால் விபத்து என்றால் இழப்பீட்டு வழக்குக்கு ஒப்பந்தமே விதிவிலக்கு தந்திருக்கிறது. அலுவல் பயணம் என்ற வாதம் அங்கே எடுபடாது. தூதரக வண்டிக்கு அந்த விதிவிலக்கு இல்லை என்றாலும் இன்சூரன்ஸ் இருக்கிறது. பெரு நாட்டுத் தூதரகச் செயலாளர் சம்பந்தப்பட்ட விபத்தில் வெகு காலத்துக்கு முன்பே ஆங்கில நீதிமன்றம், விலக்குரிமை பொறுப்பை அழிப்பதில்லை, நீதிமன்றத்தின் கையை மட்டுமே தடுக்கிறது என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனியைப் பொறுப்பாக்கியது. அயல்நாட்டு அரசின் மீது வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு மத்திய அரசின் சம்மதத்தைக் கேட்கிறது. அது தானாக மறுக்கப்பட வேண்டிய சம்மதமும் அல்ல. அல்ஜீரியத் தூதரகத்தில் பழுதுபார்த்த வேலைக்குப் பணம் வராத ஒப்பந்ததாரரின் வழக்கில், காரணம் சொல்லாமல் சம்மதத்தை மறுத்ததை 1986இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. வீட்டு வேலையாள் வழக்குகளில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 6 அன்று, 3க்கு 2 என்ற கணக்கில், இன்னும் ஒரு படி போனது: அடிமைபோல வைத்துச் சம்பளம் தராமல் வேலை வாங்கியது நிரூபணமானால், அது தூதரக அதிகாரி லாபத்துக்காகச் செய்த வர்த்தக நடவடிக்கை, அதற்கு விலக்குரிமை இல்லை. இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாத தீர்ப்பு. ஆனாலும் இங்கே இப்படி ஒரு வழக்கு வரும்போது வழக்கறிஞர்கள் இதைக் காட்டி வாதிட வேண்டும் என்று விரும்புகிறோம்.

கடைசியாக, ஆள் போய்விட்ட பிறகு. பதவி முடிந்து நாட்டைவிட்டு வெளியேறியதும் விலக்குரிமை நின்றுவிடும். அலுவல் செயல்களுக்கு மட்டும் அது தொடரும். எனவே தனிப்பட்ட குற்றத்துக்கான கோப்பை முடித்துவைக்காதீர்கள். விசாரணையை முடித்து அறிக்கையை மேலதிகாரி வழியாக அமைச்சகத்துக்கு அனுப்பி, 'நிலுவை' என்று குறியுங்கள். அவர் நாளை சுற்றுலா விசாவில் வந்து இறங்கினால் சாதாரணப் பயணிதான். குற்றம் சாட்டப்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலம் கால வரம்புக் கணக்கில் சேராது. சிசிடிவி பதிவின் நகல், ரத்தப் பரிசோதனை அறிக்கை, உடைந்த ஹெட்லைட் துண்டு எல்லாவற்றையும் குற்ற எண் எழுதிச் சீல் வைத்து வழக்குச் சொத்து அறையில் ஒப்படையுங்கள். இடமாற்றமாகிப் போகும்போது, அடுத்து வரும் இன்ஸ்பெக்டருக்கான பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் அந்தக் குற்ற எண்ணைத் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.